கற்காலத் திரைப்படமும் மனிதப் பன்மையும்: ‘அவுட் ஒவ் டார்க்னஸ்’ பற்றிய சில குறிப்புகள்

வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைத் திரைக்குக் கொண்டுவர முற்படும் எவருக்கும் ஓர் அடிப்படைச் சங்கடம் உண்டு. சோழர் காலத்தையோ உரோமப் பேரரசையோ படமாக்குபவருக்குக் கல்வெட்டு உண்டு, நாணயம் உண்டு, எழுத்து உண்டு. 45,000 ஆண்டுகளுக்கு முந்திய மனிதரைப் படமாக்குபவருக்கோ எலும்பும் கல்லும் அடுப்புச் சாம்பலுமே எஞ்சியுள்ளன. எலும்பைப் பார்த்த மாத்திரத்தில் தோலின் நிறம் தெரிவதில்லை. கல்லாயுதம் அதனைச் செய்தவர் பேசிய மொழியைச் சொல்வதில்லை. ஆயினும் படக்கருவியின் முன்னே ஒருவரை நிறுத்தியாக வேண்டும். அவருக்கு ஒரு நிறமும் ஒரு முகமும் ஒரு குரலும் இருந்தே தீரும். நாவலாசிரியன் மௌனமாகக் கடந்து செல்லக்கூடிய இடத்தில் திரைப்பட நெறியாளன் தீர்ப்புக் கூறியாக வேண்டியவனாகிறான். அத்தீர்ப்பு அவனுடைய காலத்தின் கருத்துநிலையிலிருந்து முற்றாக விடுபட்டதாக இருத்தல் அரிது.

இவ்வகையில் ஆராயத்தக்க அண்மைக்காலப் படமொன்று ‘அவுட் ஒவ் டார்க்னஸ்’ என்பதாகும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ கம்மிங் நெறிப்படுத்திய முதலாவது முழுநீளப் படம் இது. திரைக்கதையை றூத் கிறீன்பேர்க் எழுதினார். ஸ்கொத்லாந்தின் உயர்நிலப் பகுதியிற் படமாக்கப்பட்டு, 2022 ஒக்ரோபரில் இலண்டன் திரைப்பட விழாவில் ‘த ஒறிஜின்’ என்ற பெயரோடு முதலிற் காட்டப்பெற்றது. 2024 பெப்ரவரியிற் புதிய பெயரோடு திரையரங்குகளுக்கு வந்தது. கதை எளியது. ஆறு பேர் கடல் கடந்து ஒரு புதுநிலத்தில் இறங்குகின்றனர். தலைவன் ஆடெம், கருவுற்றிருக்கும் அவனுடைய துணைவி ஏவ், மகன் ஹெரன், தம்பி கெயிர், முதியவன் ஓடல், இவர்களுள் எவருக்கும் உறவினள் அல்லாத, வழியிற் சேர்த்துக்கொள்ளப்பட்ட இளம்பெண் பெயா. உண்பதற்கு ஒன்றுமில்லை. ஒதுங்குவதற்குக் குகையில்லை. ஓரிரவு, தீயின் வெளிச்சத்துக்கு அப்பாலிருந்து வந்த ஏதோவொன்று சிறுவனைக் கவர்ந்து செல்கின்றது. அவனைத் தேடிக் காட்டுக்குள் நுழைந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைகின்றனர். உயிர்பிழைத்தலைப் பொருளாகக் கொண்ட திகிற்படம் என்ற வகையில் இது தன் தொழிலைச் செவ்வையாகவே செய்கின்றது.

இவ்வறுவரையும் நடித்தவர்கள் ஒரே நிறத்தவரல்லர். ஆபிரிக்க வழித்தோன்றல், கலப்பு வழித்தோன்றல், ஐரோப்பிய வழித்தோன்றல் எனப் பல பின்னணியினர். அண்ணன் ஒரு நிறமாகவும் தம்பி வேறு நிறமாகவும் திரையில் நிற்கின்றனர். ஐரோப்பாவின் கற்காலத்தில் இத்தனை நிறங்கள் எவ்வாறு வந்தன என்பது இத்தகைய படங்களின்மீது உடனே எழுப்பப்படும் வினா. இன்றைய அரசியலை அன்றைய மனிதர்மீது திணித்தல் என்பர் ஒரு சாரார். காலங்கடந்தேனும் நீதி கிடைத்தது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் தோலின் நிறத்தை எண்ணிக் கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றனர் என்பதே எமது குறை. நிறம் பற்றிய கேள்விக்கு இன்று ஓரளவு தெளிவான விடை உண்டு. அதனைக் கீழே பார்ப்போம். ஆனால் ஒரு படத்தில் எவருக்கு முகமும் மொழியும் துயரமும் தரப்படுகின்றன, எவருக்கு அவை மறுக்கப்படுகின்றன என்பது அதனினும் ஆழமான கேள்வி. இப்படத்திற் சோதனைக்குள்ளாவது உண்மையில் அதுவே.

திரையிற் காணும் கற்கால மனிதன் தொல்லியலாளரின் அகழ்வுக் குழியிலிருந்து நேரே எழுந்து வந்தவனல்லன். அவனுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1908இல் பிரான்சின் லா ஷப்பல் ஓ சான் என்னும் இடத்தில் நியண்டர்தால் மனிதரொருவரின் எலும்புக்கூடு ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. அதனை ஆராய்ந்த மாசெலன் பூல், கூனிய முதுகும் வளைந்த முழங்காலும் முன்தள்ளிய தலையும் கொண்ட, குரங்குக்கு அணித்தான ஓர் உருவத்தை 1911 முதல் 1913 வரை வெளியிட்ட தமது ஆய்வில் வகுத்தளித்தார். அதற்கு முன்னரே, 1909இல், குப்கா என்ற ஓவியர் பாரிஸ் சஞ்சிகையொன்றுக்கு உடலெல்லாம் மயிரடர்ந்த, கையில் தடியேந்திய ஒரு விலங்குமனிதனைத் தீட்டிக் கொடுத்திருந்தார். அவ்வெலும்புக்கூட்டுக்குரியவர் மூட்டுவாதத்தால் நலிந்த முதியவர் என்பதையும், நோயற்ற நியண்டர்தால் மனிதன் நம்மைப்போல் நிமிர்ந்தே நடந்தான் என்பதையும் 1957இல் ஸ்ட்ராவுஸ், கேவ் ஆகிய இருவர் எடுத்துக்காட்டினர். ஒரு நோயாளியின் முதுகு ஓர் இனத்தின் இலக்கணமாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நிலவியது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது. சினிமா அத்துணை விரைவாகத் திருந்தவில்லை.

1966இல் வெளிவந்த ‘வன் மில்லியன் இயர்ஸ் பி.சி.’ என்ற பிரித்தானியப் படம் டைனோசர்களையும் மனிதரையும் ஒரே நிலத்தில் உலவவிட்டது. அதனைக் குழந்தைத்தனம் என்று மன்னித்துவிடலாம். அப்படத்தின் குடிப்பிரிவினை அவ்வாறு மன்னிக்கத்தக்கதன்று. மலையில் வாழும் பாறைக் குடியினர் கருங்கூந்தலர், முரடர், முதியவரை மதியாதவர். கடற்கரையில் வாழும் சிப்பிக் குடியினர் பொன்னிறக் கூந்தலர், அணிகலன் புனைபவர், ஓவியந் தீட்டுபவர், இரக்கமுள்ளவர். முரட்டுக் குடியிலிருந்து துரத்தப்பட்டவன் பொன்கூந்தற் பெண்ணாலே பண்படுத்தப்படுகிறான். அப்பெண்ணாக நடித்த றக்கல் வெல்ச்சின் தந்தையார் பொலிவியா நாட்டவர் என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. பண்பாட்டின் அடையாளமாகத் திரையில் நின்ற பொன்னிறம் ஒப்பனையறையில் உண்டாக்கப்பட்டதேயாகும்.

1981இல் ஷான் ஷாக் அன்னோ நெறிப்படுத்திய ‘குவெஸ்ட் ஃபோர் ஃபயர்’ இதனினும் பன்மடங்கு பொறுப்புணர்வோடு எடுக்கப்பட்ட படம். ரோனி என்பார் 1911இல் எழுதிய பிரெஞ்சு நாவலைத் தழுவியது. நாவலாசிரியர் அந்தனி பேர்ஜஸ் பாத்திரங்களுக்கு மொழியை ஆக்கிக் கொடுத்தார். விலங்கியலாளர் டெஸ்மண்ட் மொறிஸ் உடலசைவுகளை வகுத்தார். தீயை இழந்த குடியொன்றின் மூவர் அதனைத் தேடிச் செல்லும் கதை. வழியில் அவர்கள் சந்திக்கும் குடிகள் யாவும் படிமுறை வளர்ச்சியின் ஓர் ஏணியிலே வரிசையாக வைக்கப்பட்டுள்ளன: மயிரடர்ந்தோர் அடியில், நரமாமிசம் புசிப்போர் அதற்கு மேலே, தீயைக் கடைந்தெடுக்க அறிந்த இவாக்கா மக்கள் உச்சியில். அவ்வுச்சியில் உள்ள பெண்ணாக நடித்தவர் கறுப்பினமும் சீன வழியும் கலந்த பின்னணி கொண்ட றே டோன் சொங். முன்னேறியவர் வெண்ணிறத்தவராகவே இருத்தல் வேண்டும் என்ற வழக்கை அப்படம் துணிந்து மீறியது. ஆயின், அவ்வளவு அறிவுடைய பெண் படம் முழுவதும் ஆடையின்றியே அலைகிறாள்; அவளைச் சூழவுள்ள ஆடவரோ தோல் போர்த்திருக்கின்றனர். நிறத்தில் வென்றது பாலில் தோற்றது எனலாம்.

1986இல் வந்த ‘த கிளான் ஒவ் த கேவ் பெயர்’ பழைய இடத்துக்கே மீண்டது. கருங்கூந்தல் நியண்டர்தால் குடியில் வளரும் பொன்கூந்தற் சிறுமி கவணெறியக் கற்றுக்கொள்கிறாள். மரபுக்கு அடிமைப்பட்ட அக்குடியால் அதனைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெண்ணுரிமை பேசும் கதைதான். ஆனால் உரிமை பொன்னிறத்துக்கும், அடக்குமுறை கருநிறத்துக்கும் பங்கிடப்பட்டுள்ளது. 2008இன் ‘10,000 பி.சி.’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆபிரிக்கக் குடிகள் பல தமக்கொரு தலைவனில்லாது காத்திருந்து, வடக்கேயிருந்து வந்தவனின் பின்னால் அணிதிரளும் கதை அது.

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதே 2022இல் வந்த படத்தின் நடிகர் தேர்வு எதனோடு வாதிடுகின்றது என்பது புலனாகும். அத்தேர்வு அறிவியலுக்கு ஒத்ததா என்பதை இனி நோக்கலாம்.

ஜேர்மனியின் ரானிஸ் என்ற ஊரில் இல்சன்ஹோல எனப்படும் குகையொன்று உண்டு. 1930களில் அங்கு தோண்டியெடுக்கப்பட்ட எலும்புத் துண்டுகளையும், 2016 முதல் 2022 வரை நடந்த புதிய அகழ்விற் கிடைத்தவற்றையும் ஆராய்ந்து, இற்றைக்கு 45,000 ஆண்டுகளுக்கு முன்னரேயே நம் இனத்து மனிதர் அக்குளிர் நிலத்தில் வாழ்ந்தனர் என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் அவர்களின் மரபணுத் தொகுதியும் வெளியாயிற்று. பதின்மூன்று எலும்புத் துண்டுகள். குறைந்தது ஆறு மனிதர். அவர்களுள் ஒரு தாயும் மகளும் உளர். செக் நாட்டின் ஸ்லாட்டி குன் என்ற இடத்திற் கிடைத்த மண்டையோட்டுக்குரிய பெண் இவர்களுக்குத் தூரத்து உறவினள் என்பதும் தெரியவந்தது. இவர்களின் தோல் கருமை, கூந்தல் கருமை, கண் கபிலம். ஆபிரிக்காவிலிருந்து வெளிவந்து நெடுங்காலம் ஆகாத மக்களிடம் எதிர்பார்க்கக்கூடிய நிறமே அது. படத்தில் வருவோரும் ஆறு பேர், காலமும் அதுவே. எழுதியவர்கள் 2022இல் இதனை அறிந்திருக்க முடியாது. தற்செயல் பொருத்தமே, எனினும் வியப்புக்குரிய பொருத்தம்.

இது தனித்ததொரு சான்றுமன்று. ஸ்பெயினின் லா பிரான்யா குகையிற் கிடைத்த, 7,000 ஆண்டுகளுக்கு முந்திய வேட்டுவரொருவரின் மரபணுத் தொகுதி 2014இல் வெளியானபோது கருந்தோலும் நீலக் கண்ணும் அவரிடம் ஒருங்கே இருந்தமை தெரிந்தது. இங்கிலாந்தின் செடார் பள்ளத்தாக்கில் 1903இல் எடுக்கப்பட்ட, ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடைய எலும்புக்கூட்டுக்கும் அத்தகைய விடையே 2018இற் கூறப்பட்டது. இம்முடிவுகள் நிகழ்தகவு சார்ந்தவை. இன்ன சாயல் என்று துல்லியமாக உரைப்பவை அல்ல. ஆயினும் திசை ஐயத்துக்கிடமற்றது. தோலை வெளிறச் செய்யும் மரபணு மாற்றங்களுள் முக்கியமானதொன்று ஐரோப்பாவிற் பெருகியது, 8,500 ஆண்டுகளளவில் அனத்தோலியாவிலிருந்து வேளாண்மையோடு வந்த மக்கள் வழியாகவே. அதே மாற்றம், அதே மூலத்திலிருந்து, தென்னாசியரிலும் பரவியுள்ளது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. ‘வெள்ளையன்’ என்ற உருவத்தை வரலாறு மிகப் பிந்தியே ஆக்கியது. செடார் மனிதனின் மீளுருவாக்கம் வெளியானபோது பிரித்தானியரிற் சிலர் கொதித்தெழுந்தமைக்குக் காரணம் அறிவியல் ஐயமன்று. முதலில் வந்தவன் தன் சாயலில் இருத்தல் வேண்டும் என்ற ஆசை. மூத்த குடி எது என்ற போட்டி நமது தீவிலும் ஆய்வறிவைப் பல தடவை திசைதிருப்பியுள்ளமையால் அவ்வாசையின் வலிமையை நாம் உணர்வோம்.

ஆகவே, கற்கால ஐரோப்பாவிற் கறுப்பர் எவ்வாறு வந்தனர் என்று கேட்போருக்கு விடை, வேறெவரும் அங்கு இருந்தார்கள் என்பதற்குத்தான் சான்று தேவை என்பதாகும். அதே நேர்மையோடு மற்றொன்றையும் கூற வேண்டும். ஒரே குடும்பத்தின் ஆறு பேர் ஆறு நிறத்தில் இருந்தமைக்கும் சான்றில்லை. ரானிஸ் மக்கள் சில நூறு பேர் மட்டுமேயான ஒரு சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். தம்முள் நெருங்கிய சாயலுடையோராகவே இருந்திருப்பர். எனவே படத்தின் நிறப்பன்மையை ஒரு மீளுருவாக்கம் என்று பாராட்டுவது தவறு. அது ஓர் அரங்க வழக்கு. வடமோடிக் கூத்திலே மீசை மழித்த ஆடவரொருவர் திரௌபதையாக வரும்போது களரியைச் சுற்றியிருப்போர் எவரும் சான்று கேட்பதில்லை. இன்றைய பார்வையாளர் எவரும் தம்மை அவ்வறுவரிடையே காணட்டும் என்ற அழைப்பே இப்படத்தின் நடிகர் தேர்விலுள்ள வழக்கு. வழக்கை வழக்கென்று ஏற்றால் அதன்மீது ஆட்சேபமில்லை.

இவ்வழக்கை நிலைநிறுத்தும் கருவியாக மொழி பயன்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. பாத்திரங்கள் ஆங்கிலம் பேசுவதில்லை. டானியல் அன்டர்சன் இப்படத்துக்கென ஆக்கிய ‘தோலா’ என்ற மொழியையே பேசுகின்றனர். அரபு, பாஸ்க் ஆகிய மொழிகளின் சாயல் அதில் உண்டு. பேர்ஜஸ் ஆக்கிய மொழி உறுமலுக்கும் சொல்லுக்கும் இடைப்பட்டது. தோலாவோ முழுமையான மொழி; அதிற் கதை சொல்லலாம், பொய் சொல்லலாம், ஏளனஞ் செய்யலாம். ஆங்கிலத்தில் எடுத்திருந்தால் ஒவ்வொரு நடிகரின் உச்சரிப்பும் அவரவர் வர்க்கத்தையும் ஊரையும் காட்டிக்கொடுத்திருக்கும். எவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் அனைவரும் சமமாகின்றனர். நிறத்தைக் கண் மறக்கச் செவி உதவுகின்றது.

நிறத்தை மறந்த பின்னர் தெரிவது அதிகாரம். ஆடெம் தலைவன், அவன் சொல்லே சட்டம். உறவற்றவளான பெயா அக்கூட்டத்தின் அடித்தட்டு. அவள் பெற்ற உணவுக்கும் துணைக்கும் விலை உண்டு. மனைவி இறந்தால் பயன்படக்கூடிய மற்றொரு வயிறாகவே தலைவன் அவளை நோக்குகிறான். அச்சம் மேலிடும்போது, காட்டிலுள்ள பேய்க்கு இவளைப் பலியிட்டால் என்ன என்று முதியவன் ஓடல் சொல்கிறான். நிறத்தாற் பிரிக்கப்படாத கூட்டம் உறவாற் பிரிக்கப்பட்டிருக்கிறது. சமூகத்திலே விளிம்பு என்பது தோலில் எழுதப்பட்டதன்று, உணவுப் பங்கீட்டில் உண்டாவது என்பதை இப்படம் மிகையின்றிக் காட்டும் இடம் இது. இதன் மிகச் சிறந்த பகுதியும் இதுவே. பெயாவாக நடித்த சபியா ஓக்லி-கிறீன் 2022இல் பிரித்தானியச் சுயாதீனத் திரைப்பட விருதுகளிற் புதுமுகத் திறனுக்கான விருதைப் பெற்றமை பொருத்தமானதே.

அவள் இறுதியில் ஈட்டியேந்துகிறாள். பெண்ணை வேட்டைக்காரியாகக் காட்டுதல் இன்றைய நாகரிகமா, அன்றைய உண்மையா? ‘வேட்டுவனாகிய மனிதன்’ என்ற தலைப்பில் மானிடவியலாளர் சிக்காகோவிற் கூடியது 1966இல். பொன்கூந்தற் படம் வெளியான ஆண்டும் அதுவே. விந்தை என்னவெனில், கலஹாரியின் குங் மக்கள் உண்பதிற் பெரும்பகுதி பெண்கள் சேகரிக்கும் தாவர உணவே என்று றிச்சட் லீ எடுத்துக்காட்டியதும் அம்மாநாட்டின் நூலிலேதான். தலைப்பு நிலைத்தது; தரவு பின்தங்கியது. பெரு நாட்டின் மலைப்பகுதியில் வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்ட, 9,000 ஆண்டுகளுக்கு முந்திய இளம்பெண்ணொருத்தி பற்றிய ஆய்வு 2020இல் வந்தது. அமெரிக்கக் கண்டங்களில் அவ்வாறு வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்ட 27 பேருள் 11 பேர் பெண்கள் என்றும் அவ்வாய்வு கணக்கிட்டது. புதைகுழியில் வைத்த பொருளெல்லாம் புதையுண்டவர் பயன்படுத்தியதே என்று துணிய முடியாது என மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், குகைவாயிலில் அமர்ந்து காத்திருக்கும் பெண் என்ற படிமத்துக்குத்தான் இப்பொழுது சான்று தேடவேண்டியுள்ளது. இப்படத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. வேர், காய், கிழங்கு, சிப்பி, சிற்றுயிர் என உயிர்பிழைத்தலின் அன்றாட உழைப்பு எதுவும் திரையில் இல்லை. இறைச்சி உண்டு, அல்லது பட்டினி உண்டு. பெண்ணுக்கு ஈட்டி கொடுத்தவர்கள், பெண் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்கு மதிப்புக் கொடுக்கவில்லை.

பனியும் மாமிசமும் இருந்தாலே கற்காலம் என்ற எண்ணமும் இத்துடன் ஒட்டியது. இதே காலத்திலே களுத்துறை மாவட்டத்தின் பாகியங்கலக் குகையில் வாழ்ந்தவர்கள் மழைக்காட்டின் உச்சிக்கிளைகளிற் குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர் என்று 2019இலும், குரங்கின் எலும்பிலிருந்து அவர்கள் செய்த கூர்முனைகளுட் சில அம்பு முனைகள் என்று 2020இலும் ஆய்வுகள் வந்தன. அக்கருவிகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் வரை பழமையுடையவை. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லின் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. பட்டினியும் பேயும் இல்லாத இத்தகைய கற்காலத்தை எவரும் இன்னும் படமாக்கவில்லை என்பதிலிருந்து, பன்மை என்ற சொல் நடிகரின் தோலோடு நின்று நிலத்துக்குப் பரவவில்லை என்பது தெரியும்.

இனி, முதலிற் குறித்த வினாவுக்கு வருவோம். காட்டிலுள்ள பேய் யார்? படத்தின் பெரும்பகுதியில் அது ஒரு கூக்குரல், மரங்களிடையே ஓடும் நிழல், முகமூடியணிந்த உருவம். இறுதியில் முகமூடி விலகும்போது பேயில்லை. நியண்டர்தால் மனிதர். தம் நிலத்தில் வந்திறங்கிய அந்நியருக்கு அஞ்சியவர்கள். கவரப்பட்ட சிறுவன் உயிரோடிருக்கிறான். அவனை அவர்கள் பேணி வைத்திருந்தனர். பேயென்று எண்ணிக் கொன்றது மனிதரையே என்பது கெயிருக்கும் பெயாவுக்கும் தெரியவரும்போது கதை முடிகின்றது.

இத்திருப்பத்தின் நோக்கம் உயர்ந்தது. அந்நியரை அரக்கராகக் காணும் அச்சத்தைப் பார்வையாளரிடமே தூண்டிவிட்டு, பின் அவர்களையே அதற்குப் பொறுப்பாளிகளாக்குதல். கம்மிங்கின் துணிவை இதில் மதிக்கிறோம். ஆனால் கலைப்படைப்பை அதன் முடிவைக்கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அது காலத்தை எவ்வாறு பங்கிடுகின்றது என்பதையும் நோக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலத்தை அண்மித்த படத்தில் நியண்டர்தால் மக்களுக்கு முகம் கிடைப்பது கடைசிச் சில நிமிடங்களில். அதுவும் சாவின் தறுவாயில். தோலாவில் அறுவர் பேசுவது நமக்கு எழுத்தில் மொழிபெயர்த்துத் தரப்படுகின்றது. மற்றவரின் ஒலிக்கு அத்தகைய மொழிபெயர்ப்பில்லை. அறுவருக்கும் பெயருண்டு, அவர்களுக்கில்லை. நம்முள் எல்லா நிறத்தவரும் ஒன்றாக நிற்பதற்கு எதிரே நிறுத்த வேறொரு மனிதவினம் தேவைப்பட்டது. பழைய படங்களிற் கருங்கூந்தலர் நின்ற இடம் காலியாகவில்லை, ஆள் மாறிற்று. குப்கா 1909இல் தீட்டிய நிழலுருவத்தை முறியடிக்க வந்த படம், இறுதிக்கு முந்திய நிமிடம் வரை அவ்வுருவத்தின் பயங்கரத்திலேயே பிழைப்பு நடத்துகின்றது.

திகிற்படத்துக்குப் பேய் இறுதிவரை மறைந்திருத்தல் வேண்டும் என்று கூறலாம். உண்மைதான். அவ்வாறாயின் திகிற்படம் என்ற வடிவம் இப்பொருளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே எமது ஐயம். பெயாவின் கண்வழியே காட்டப்பட்ட கதையை, அக்குகைவாசிகளுள் ஒருத்தியின் கண்வழியே பாதியிலேனும் காட்டியிருந்தால் திகில் குறைந்திருக்கும். கொலையின் பாரம் கூடியிருக்கும்.

அம்மக்களைப் பற்றி இன்று நாம் அறிவது சிறிதன்று. ஈராக்கின் ஷனிடார் குகையில் 1957இற் கண்டெடுக்கப்பட்ட நியண்டர்தால் மனிதரொருவர் ஒரு கை சூம்பி, ஒரு கண் பழுதுற்று, அந்நிலையிலும் நடுவயதைத் தாண்டி வாழ்ந்தவர். பூலின் கூனுருவம் திருத்தப்பட்டதும் அதே ஆண்டிலேதான். ஸ்பெயினின் கோவா நெக்ரா குகையிற் கிடைத்த காதெலும்பொன்று, டவுன் நோய்க்குறியோடு பிறந்து குறைந்தது ஆறு வயதுவரை வாழ்ந்த ஒரு பிள்ளையுடையது என்று 2024இல் அறிவித்தனர். ஆய்வாளர் அப்பிள்ளைக்கு ‘தீனா’ என்று பெயரிட்டனர். கடுமையான செவிக்கோளாறும் நடைத் தள்ளாட்டமும் உள்ள ஒரு குழந்தையைத் தாயொருத்தி தனித்து நின்று வளர்த்திருக்க முடியாது. கூட்டமே சுமந்திருக்க வேண்டும். படத்தில் நியண்டர்தால் மக்கள் பட்டினிச் சிறுவனை எடுத்துப் பேணியமை கற்பனையின் கருணையாகத் தோன்றக்கூடும். சான்று அவ்வழியே நிற்கின்றது. இன்னுமொன்று: நியண்டர்தால் மக்களிற் சிலருக்கு வெளிறிய தோலும் செம்மயிரும் இருந்திருக்கலாம் என்று 2007இல் ஓர் ஆய்வு கூறியது. ஆக, 45,000 ஆண்டுகளுக்கு முந்திய ஐரோப்பாவில் வெண்ணிறத்தவரைத் தேடுவோர் எக்குகையின் வாயிலிற் சென்று தேட வேண்டும் என்பது வாசகருக்கு விளங்கும்.

நம் இனம் வென்றது, அவர்கள் ஒழிந்தனர் என்ற கருத்தோடு திரை இருள்கின்றது. 2010இல் நியண்டர்தால் மரபணுத் தொகுதி வெளியானதிலிருந்து அக்கருத்து அப்படியே நிற்க முடியாது. அவ்வாய்வை நடத்திய சுவாந்தே பேபோ 2022இல் நோபல் பரிசு பெற்றார். இப்படம் முதன்முதலாகத் திரையேறிய அதே மாதம். ஆபிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்கள் அனைவரிலும் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு நியண்டர்தால் வழி வந்தது. ஐரோப்பியரிலும் சீனரிலும் தமிழரிலும் சிங்களவரிலும் அது உண்டு. அக்கலப்பு 45,000 முதல் 49,000 ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததென்று ரானிஸ் எலும்புகளைக் கொண்டே கணித்தனர். அதாவது, படம் கொலையைக் காட்டும் காலத்துக்குச் சற்று முன்னரே மணமும் மகப்பேறும் நிகழ்ந்துவிட்டன. ரானிஸ் குகையின் தாயும் மகளும் உள்ளிட்ட அறுவரும் அக்கலப்பின் பங்கைத் தம் உடலிற் கொண்டிருந்தனர். அவர்களுடைய சொந்தக் கிளையோ அற்றுப்போயிற்று. இன்று வாழ்வோருள் எவரும் அதன் வழித்தோன்றல் அல்லர்.